கரிசலுக்குக் கொண்டுபோன பனிக்கால டயர்கள்

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தபோது அதில் ஆறு சைக்கிள் டயர்கள் இருந்தன. துணிமணிகள் அவற்றின் இடுக்குகளில் இருந்தன. மடித்துச் சுருட்டக்கூடிய வகை டயர்கள். சுற்றி நூல் கட்டியிருந்தேன். அதிகாரி வடக்கத்திக்காரர். பக்கத்து மேசைக்காரரிடம் இந்தியில், "எழுபத்துமூன்று வயது, ஆறு டயர், ஒரு சைக்கிள்கூட இல்லை. மனுஷனுக்கு என்ன கஷ்டமோ" என்றார். எனக்கு ஓரளவு இந்தி புரியும் என்பது அவருக்குத் தெரியாது. பெட்டியை அவரே மூடித் தந்தார்.

கஷ்டம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் சமவெளியில் ரெஜைனா என்னும் ஊரில் முப்பத்தாறு வருடமாக இருக்கிறேன். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு குளிர்காலத்திலும் சைக்கிள் ஓட்டப் பழகினேன். அகலமான டயர், அதில் நெருக்கமான ரப்பர்க் கட்டைகள், குறைந்த காற்று. பனிக்கு அது போதும். என் தங்கை கணவர் பொன்னுச்சாமி, கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே இடைசெவல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர். அவருக்கு ஒரு மலைச்சைக்கிள் வாங்கித் தந்தேன். போன வருடம் மழைக்கு முன்னால், ஊருக்கு வந்த ஒருவர் கையில் இரண்டு பனிக்கால டயர்களைக் கொடுத்தனுப்பினேன்.

அவற்றை மாட்டக் கொண்டுபோன கோவில்பட்டி சைக்கிள் கடைக்காரர் வேலாயுதம், "அண்ணாச்சி, இது நம்ம மண்ணுக்கு ஆகாது" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். நான் பதிலுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். மைனஸ் முப்பதில் ஓட்டுகிறவன் நான், சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். செய்தார். கார்த்திகையில் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் முன்சக்கரத்தில் மண் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. பொன்னுச்சாமி முன்னால் போய் விழுந்தார். தொடை எலும்பு உடைந்தது.

அதுவரை நடந்தது அறியாமை. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை சண்முகத்தாய் அழுதுகொண்டே, "எப்படிண்ணே இப்படி ஆச்சு?" என்று கேட்டாள். "வேலாயுதம் நான் சொன்னபடி மாட்டியிருக்க மாட்டான். டயர் சுற்றுகிற திசையைத் திருப்பி மாட்டியிருப்பான்" என்றேன். இது பொய். வாய்தவறி வந்ததும் அல்ல. சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன்.

அவள் வேலாயுதத்தின் கடை வாசலில் போய் நின்று தெருவே கேட்க ஏசினாள். பொன்னுச்சாமி கோவில்பட்டிக்குப் போனால் அந்தக் கடைப் பெஞ்சில்தான் உட்காருவார், டீ அங்கேதான் குடிப்பார். முப்பது வருடப் பழக்கம். அன்றோடு நின்றுபோனது. இப்போது அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. பொன்னுச்சாமி சைக்கிள் மிதிக்கலாம், ஆனால் சேற்றில் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியான டயர் இல்லாவிட்டால் அவர் தன் நிலத்தைத் தைக்கு முன் பார்க்க முடியாது. இந்த மண்ணுக்கு டயர் பார்த்து மாட்டத் தெரிந்த ஆள் வேலாயுதம். இந்த வீட்டிலிருந்து யாரும் அவரிடம் போவதில்லை. நான் வந்தது அதற்காக.

மதுரையில் ஏறிய பேருந்து கோவில்பட்டிக்குள் போகாது, பைபாஸில் இறங்கிக்கொள்ளலாம் என்று நடத்துநர் சொன்னார். இடைசெவலில் நிற்குமா என்று கேட்டேன். "நிக்காது. ஆனா நீங்க முழிச்சிருந்தா நிப்பாட்டுதேன்" என்றார். நான் முழித்திருக்கவில்லை. கயத்தாறில் எழுப்பினார்.

லாரிகள் நிற்கும் கடை ஒன்றில் புரோட்டா தின்றேன். பக்கத்து மேசையில் ஒரு டிரைவர் இன்னொருவரிடம், தன் வண்டி பருத்திக் காட்டுப் பாதையில் இறங்கி ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "டிராக்டர் வந்து இழுத்துச்சு. அதுவும் மாட்டிக்கிச்சு. ரெண்டுக்கும் சேத்து வெயிலுதான் வந்து எடுத்துவிட்டுச்சு." கேட்டவர் சிரிக்கவில்லை; அவருக்கும் அது நடந்திருக்கும் போல. நான் இன்னொரு கரண்டி சால்னா கேட்டு வாங்கினேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கரிசல் தெரியாதா? தெரியாது. நான் பிறந்தது கோவில்பட்டி டவுனில். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜர். தங்கையைக் கட்டிக்கொடுத்த கிராமத்துக்கு நான் போனதெல்லாம் கோடை விடுமுறையில். அப்போது அந்த மண் வெடித்துக் கெட்டியாகக் கிடக்கும், செருப்பில்கூட ஒட்டாது. ரெஜைனாவும் களிமண் ஊர்தான். குளிர்காலத்தில் அது கல்லாக உறைந்துவிடும், அதன்மேல் பனி. இரண்டு களிமண்ணையும் அவை ஒட்டாத காலத்தில் மட்டுமே பார்த்தவன், டயரைப் பற்றி ஏழு நிமிடம் பேசி அனுப்பியிருக்கிறேன்.

அன்றிரவே தங்கை வீட்டுக்கு வந்துசேர்ந்தேன். மறுநாள் மழை. சண்முகத்தாய் குதிரைவாலிச் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் வைத்தாள். பொன்னுச்சாமி கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தார், ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார், அவ்வளவுதான்.

"காடு எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்டேன். இங்கே காடு என்றால் விளைநிலம்.

"எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? உங்க தங்கச்சியத்தான் கேக்கணும். மக்காச்சோளத்தப் பன்னி தின்னுருக்குங்குதா, உளுந்த மயிலு தின்னுருக்குங்குதா. மிச்சம் இருந்தா நாம திங்கலாம்."

"காலையும் சாயங்காலமும் நாந்தான் போறேன்" என்றாள் சண்முகத்தாய். "அறுபத்திநாலு வயசுல பன்னி வெரட்டுதேன். அந்தச் சண்டாளன் ஒழுங்கா டயர மாட்டியிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?"

பொன்னுச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு போட்டுக்கொண்டேன். சொல்வதற்கு அது நல்ல தருணம். சொல்லவில்லை.

சைக்கிள் மாட்டுக்கொட்டத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது. யாரும் கழுவவில்லை. முன் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே போன வருட மண் அப்படியே காய்ந்து இறுகியிருந்தது. கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. டயர் கட்டைகளின் இடுக்குகளில் எல்லாம் மண். டயர் எது மண் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கட்டைகள் வழுவழுவென்று ஒன்றாகி ஒரு கருப்பு உருளையாக இருந்தது. பக்கத்துச் சுவரில் ஆணியில் இரண்டு மட்கார்டுகள் தொங்கின. இவை எதற்கு என்று கேட்டேன்.

"ஐப்பசி பொறந்தா எல்லாரும் கழத்தி மாட்டிருவாங்க மச்சான். தையிலதான் திருப்பிப் போடுவாங்க. மட்கார்டு இருந்தா மண்ணு அடைச்சிக்கிடும்" என்றார் பொன்னுச்சாமி. "அதக் கழத்திட்டு அந்த இடம் நெறைய டயர மாட்டுனோம் பாத்தீங்களா."

அவர் குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், ஒரு ஜோடி டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனேன். வேலாயுதத்தின் கடைக்குப் போகவில்லை. முதலில் வேறு கடைகள். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்: வேறொருவர் மாட்டித் தந்துவிட்டால் பொன்னுச்சாமி நிலத்துக்குப் போய்விடுவார், நான் எதையும் சொல்லாமல் ஊர் திரும்பலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த மொழி, எனக்குப் புரியும். ஆட்டுக்குக் காணை நோய் வந்ததைப் பற்றிப் பேச்சு. நடுவில் ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரியவர் யாருக்கு மாலை கொண்டுபோறார்?" என்றாள். மற்றவள், "கழுத்தில போட்டிருக்கார், அவருக்கேதான்" என்றாள்.

முதல் கடைக்காரர் பிள்ளைகள் சைக்கிள்தான் பார்ப்பேன் என்றார். இரண்டாவது கடைக்காரர் டயரை வாங்கி நுகர்ந்து பார்த்தார். "நல்ல ரப்பரு. கரிசலுக்கா? வேலாயுதம் அண்ணாச்சிட்ட போங்க." நான் எட்டயபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். அங்கே ஒரே கடைதான் கண்ணில் பட்டது. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், காராச்சேவும் டீயும். அவர் வந்து டயரைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க எங்கேருந்து வாரீங்க?" என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். "அங்கன வேலாயுதம்னு ஒருத்தர் இருக்காரே, தெரியாதா? அவரவிட்டுட்டு இங்கன வந்திருக்கீங்க."

கனடாவில் இதே வேலைக்கு எங்கள் தெருவிலேயே மூன்று கடைகள். ஒவ்வொன்றிலும் டயரைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய இளைஞர்கள். அவர்கள் யாரும் என்னை வேறொருவரிடம் போகச் சொன்னதில்லை.

நான்காம் நாள் வேலாயுதத்தின் கடைக்குப் போனேன். சந்துக்குள் இருக்கிறது, பெஞ்ச் வாசலில். அவர் ஒரு சக்கரத்தின் கோணலை எடுத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். என்னை நேரில் பார்த்ததில்லை. தோளில் இருந்த டயரைப் பார்த்தார்.

"வாங்க அண்ணாச்சி. கனடாவா?"

ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதையும், நான் கேட்காததையும், பிறகு என் தங்கையிடம் நான் சொன்ன வார்த்தையையும், அது பொய் என்பதையும் வரிசையாகச் சொன்னேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பி மாட்டிட்டேன்னா சொன்னீங்க? அதுக்குத்தானா அந்த ஏச்சு? அவிய ஏசுனதுல எனக்கு ஒண்ணுமே வெளங்கல. என்னத்தயோ 'திருப்பி, திருப்பி'ன்னாக."

"என் பேச்சு உங்கள் ஃபோனில் இருந்ததே. அதைப் போட்டுக் காட்டியிருக்கலாமே?"

"ஏழு நிமிசம் பேசியிருக்கீங்க அண்ணாச்சி. எவன் உக்காந்து கேப்பான்?" என்றார். பிறகு ஸ்போக் சாவியைத் துடைத்தார். "போடணும்னு ரெண்டு தடவ எடுத்தேன். புருசன் ஆஸ்பத்திரில கெடக்கான். அந்த நேரத்துல கூடப் பொறந்தவன் லெட்சணத்தையும் காட்டணுமான்னு விட்டுட்டேன். அப்புறம் பொன்னுச்சாமி வருவான், அவங்கிட்டச் சொல்லிக்கலாம்னு பாத்தேன். அவன் வரவே இல்ல. அதுலதான் எனக்குக் கோவம். அவன் கேட்டிருக்கலாம்ல?"

டயரை அவர் பக்கம் நீட்டினேன். வாங்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் முன்னாலேயே தெரியுமே. அங்கன போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு சைக்கிளக் கொண்டாங்க, பாக்குதேன். சொல்லாமக் கொண்டு வந்தீங்கன்னா தொட மாட்டேன்."

அன்று மாலை வீட்டில் சொன்னேன். சண்முகத்தாய் சொளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பொன்னுச்சாமி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். கடையில் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொளகு நின்றது.

"அவிய கடை வாசல்ல காறித் துப்பிட்டு வந்தேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "நாலு பேரு பாத்துக்கிட்டு இருந்தாக. அவரு ஒரு வார்த்த பேசல. தப்பு செஞ்சவன் பேச மாட்டான்னு நெனச்சேன்."

"தாயி," என்றேன்.

"தாயி கீயின்னு கூப்பிடாத."

பொன்னுச்சாமி காலை நீவிக்கொண்டிருந்தார். "எனக்கு அந்தப் பொய்யி அப்பவே சந்தேகம்தான் மச்சான்" என்றார். "டயரத் திருப்பி மாட்டுனா மண்ணு அடைக்குமா? அடைக்காது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இவ பேச்சக் கேட்டு ஒரு வருசம் அங்கன போகாம இருந்துட்டேன். கால வச்சிக்கிட்டு எப்படிப் போறதுன்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கிட்டேன்." ரேடியோவை அணைத்தார். "நாளைக்கு அந்த சைக்கிள்ல, அதே டயர்லயே, நீங்க காட்டுக்குப் போயிட்டு வாங்க. பன்னி என்ன செஞ்சிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அது கோபமா, கேலியா என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

விடிந்ததும் சண்முகத்தாய் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. நான் கடப்பாரையால் போன வருட மண்ணைக் கொத்தி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. சக்கரம் சுற்றியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு மொபெட் வந்து நின்றது. வேலாயுதம், பின்னால் கால்களை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டு சண்முகத்தாய், மடியில் சாமான் பை. அவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருவர் முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நான் மிதித்தேன். தெருமுனைவரை தார். பிறகு பாதை கருப்பாக, ஈரமாக, பார்க்க மிருதுவாக இருந்தது. முதல் பத்து கெஜம் சுகமாகப் போனது. பனியைவிட நல்லது என்றுகூடத் தோன்றியது. அப்புறம் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். டயர் இரண்டு மடங்கு அகலமாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மண் தன் மேலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, வைக்கோல் துரும்புகளோடு. கியரைக் குறைத்தேன். ஃபோர்க்கில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமும் நின்றது. முன்சக்கரம் சுற்றாமல் சறுக்கிக்கொண்டு இன்னும் ஒரு முழம் போனது. காலை ஊன்றினேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

பொன்னுச்சாமி இந்த இடத்தைத் தாண்டி, இதைவிட வேகமாக, இறக்கத்தில் போயிருக்கிறார். அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் உடம்பில் தெரிந்தது.

சைக்கிளைத் தள்ள முடியவில்லை. தோளில் தூக்கினேன். என்னால் தூக்க முடியும் என்று நினைக்கவில்லை. பாதையில் பாதி அதில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு காலும் ஒரு படி மண்ணோடு வந்தது. பின்னால் தார்ச்சாலையின் ஓரத்திலிருந்து வேலாயுதமும் பொன்னுச்சாமியும் பேசுவது கேட்டது.

"வேப்பமரத்தத் தாண்டல பாத்தியா?"

"பாலம் வரைக்கும் போவாருன்னு நெனச்சேன்லே."

"பாலமா? கனடாக் கால்லயா?"

"ஏலே வேலு, அங்க பாரு, செருப்பத் தேடுதாரு. கெடைக்காதுன்னு சொல்லு."

"நீ சொல்லு. ஒம் மச்சான்தான?"

"தையில உழும்போது மேல வரும், பதறாதீங்கன்னு சொல்லுலே."

இருவரும் சிரித்தார்கள். அடக்கிக்கொண்டு சிரிக்கவில்லை. நான் திரும்பவில்லை, திரும்பினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் போல இருந்தது. சேற்றில் செருப்பைத் தேடுவது போல இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.

வேலாயுதம் நான் கொண்டுவந்த ஆறு டயர்களையும் வரிசையாகத் தரையில் போட்டுப் பார்த்தார். நான்கை ஒதுக்கினார். மீதி ஜோடி மிக ஒல்லியானது, கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கும். ரெஜைனாக் கடையில் அதைச் சேற்று டயர் என்றுதான் விற்றார்கள். "இது பரவாயில்ல. ஆனா இதுலயும் கட்ட அதிகம்" என்று சொல்லிவிட்டு, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் வளைந்த கத்தியை எடுத்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகக் கட்டைகளை அறுக்க ஆரம்பித்தார். பொன்னுச்சாமி டயரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ரப்பர்த் துண்டுகள் கட்டிலைச் சுற்றி விழுந்தன. நான் மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கியவை.

பின்சக்கரத்துக்கு அதையும் அவர் போடவில்லை. பையிலிருந்து பாதி தேய்ந்த பழைய டயர் ஒன்றை எடுத்தார். "பின்னால பிடிமானமே வேண்டாமா?" என்று கேட்டேன். "இங்கன ஈரத்துல பிடிச்சா விடாது அண்ணாச்சி. நீங்கதான் போயிட்டு வந்தீங்களே" என்றார். முன்சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மூன்று விரலை நுழைத்துக் காட்டினார். ஹேண்டில் பாரில் ஒரு வேலிக் குச்சியைச் செருகினார், மண்ணைத் தள்ளிவிட.

சண்முகத்தாய் டீ கொண்டுவந்தாள். இரண்டு டம்ளர். ஒன்றை வேலாயுதத்தின் கையில் கொடுத்தாள், அண்ணாச்சி என்று கூப்பிட்டு. என்னிடம், "கால்ல இருக்க மண்ணக் கழுவிட்டு வா. ஒனக்கு அடுப்புல இருக்கு" என்றாள். கழுவ நெடுநேரம் ஆனது. டீ ஆறியிருந்தது.

ஐந்து மணிக்குப் பொன்னுச்சாமி சைக்கிளில் ஏறினார். பாதையின் நடுவில் போகவில்லை. ஓரத்துப் புல்லை ஒட்டி, மெதுவாக. சக்கரத்தில் மண் ஏறியது, ஒரு சுற்று சுற்றியது, விழுந்தது. வேப்பமரத்தில் இறங்காமலே குச்சியால் ஒரு தட்டு தட்டினார். பாலத்தின் கல் தளம் தொடங்கும் இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டு கடந்து, மறுபடி ஏறினார். அப்புறம் சோளம் மறைத்துவிட்டது. சண்முகத்தாய் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். இருட்டுவதற்கு முன் அவர் திரும்பி வந்து, பன்றி நாலு வரிசை தின்றிருப்பதாகவும் மீதி இருப்பதாகவும் சொன்னார்.

ஊர் திரும்புவதற்கு முந்திய நாள் கடைக்குப் போய் வேலாயுதத்திடம் விடைபெற்றேன். பெஞ்சில் பொன்னுச்சாமி உட்கார்ந்திருந்தார். எனக்கும் இடம் விட்டார்கள். கிளம்பும்போது, ஃபோனில் இருக்கும் அந்தப் பேச்சை அழித்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

வேலாயுதம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க அடுத்த தடவ டயர் அனுப்புவீங்கள்ல, அப்போ ஒங்களுக்கே போட்டுக் காட்டுதேன்."